படியெடுக்க முடியாத உழைப்பு

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொறியாளர் வெளியிட்ட ஓர் எச்சரிக்கை உலகக் கணினித் துறையை உலுக்கியது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருளின் புதிய பதிப்புகளில் யாரோ ஒரு பின்கதவைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதே அந்த எச்சரிக்கை. அதன் வழியாக உலகெங்கும் உள்ள சர்வர்களுக்குள் கடவுச்சொல் இன்றி நுழைந்துவிட முடியும். தொலைவிலுள்ள கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று அவருக்கு எழுந்த ஐயம்தான் இதைக் கண்டுபிடிக்க உதவியது. அந்த ஐயம் எழாதிருந்தால், அடுத்த சில மாதங்களில் வங்கிகள், மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள் என எல்லா இடங்களுக்கும் அந்தப் பதிப்பு பரவியிருக்கும்.

பின்கதவு எப்படி உள்ளே வந்தது? எக்ஸ்இசட் மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் ஒரே ஒருவர். ஊதியம் ஏதுமில்லை, ஓய்வு நேரத்தில் செய்து வந்த வேலை. 2021இல் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். 2022இல், வேறு பெயர்களில் சிலர் அந்தப் பராமரிப்பாளரை நெருக்கத் தொடங்கினர். திருத்தங்கள் ஏன் தாமதமாகின்றன, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தால் என்ன என்று குத்திக் காட்டினர். தமது மனநலம் நீண்ட காலமாக ஒத்துழைக்கவில்லை என்றும், இது ஊதியமற்ற பணி என்பதை மறந்துவிட வேண்டாம் என்றும் அவர் பதில் எழுதினார். களைத்துப் போன அந்த மனிதர், பொறுமையாக உதவிக்கொண்டிருந்த ‘ஜியா டானுக்கு’ப் படிப்படியாக அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஈட்டிய நம்பிக்கையைப் பயன்படுத்தியே பின்கதவு பொருத்தப்பட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

இதைக் கணினிக் குற்றச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுக் கடந்து செல்ல முடியாது. தாக்குதல் தொடுத்தவர்கள் கணினியின் பலவீனத்தைத் தேடவில்லை. உழைப்பின் பலவீனத்தைத் தேடினார்கள். உலகமே சாய்ந்து நிற்கும் ஒரு தூணை ஒற்றை மனிதர் ஊதியமின்றித் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பதையும், அவர் களைத்திருக்கிறார் என்பதையும் கண்டுகொண்டார்கள். அது ஓர் உழைப்புப் பிரச்சனை. ஆகவே அது நம் பிரச்சனையும்கூட.

பராமரிப்பு என்னும் கண்ணுக்குத் தெரியாத வேலை

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் அடிப்படைக் கருத்தை நம் தோழர்கள் அறிவர். மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டமும், 1991இல் தொடங்கிய லினக்ஸும் இந்த வழியில் வளர்ந்தவை. இன்று உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் லினக்ஸில் இயங்குகின்றன. நம் நாட்டில் மக்கள் கையிலிருக்கும் திறன்பேசிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை லினக்ஸ் கருவின் மீது கட்டப்பட்ட ஆண்ட்ராய்டில் இயங்குபவை. தமிழில் தட்டச்சு செய்ய உதவிய இ-கலப்பை முதல் லிபர் ஆபீஸின் தமிழ் இடைமுகம் வரை, தன்னார்வலர்களின் உழைப்பில் உருவானவை நம் மொழியிலும் உண்டு.

மென்பொருளை எழுதி வெளியிடுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கணினிகளும் அவற்றின் இயங்குதளங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. நேற்று சரியாக ஓடிய நிரல் இன்று ஓடாமல் போகலாம். பயனர்கள் பிழைகளைத் தெரிவிப்பார்கள். அவற்றில் எது உண்மை, எது அவசரம் என்று தரம் பிரிக்க வேண்டும். பிறர் எழுதி அனுப்பும் திருத்தங்களை வரி வரியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும். பாதுகாப்புக் குறைபாடு தெரியவந்தால் இரவு பகல் பாராமல் சரிசெய்ய வேண்டும். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்ததே பராமரிப்பு. வீட்டு வேலையைப் போன்றதே இது. ஒழுங்காக நடக்கும்வரை எவர் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நாள் நின்றால் மட்டுமே எல்லோரும் கேள்வி கேட்பார்கள்.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. மென்பொருள், பயன்படுத்தத் தீர்ந்துபோகும் பண்டம் அல்ல. மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் பெருகினால் புல் அழியும். ஒரு நிரலை நூறு கோடிப் பேர் படியெடுத்தாலும் அது குறைவதில்லை. இதை மட்டும் பார்த்தவர்கள், பற்றாக்குறையே இல்லாத ஒரு பொதுவுடைமை கணினி உலகில் பிறந்துவிட்டதாகக் கொண்டாடினார்கள். ஆனால் நிரலைப் படியெடுக்கலாமே தவிர, பராமரிப்பாளரின் ஒரு மணி நேரத்தைப் படியெடுக்க முடியாது. பயனர்கள் ஆயிரத்திலிருந்து நூறு கோடியாகப் பெருகும்போது, பிழை அறிக்கைகளும் கோரிக்கைகளும் வசைகளும் அதற்கேற்பப் பெருகுகின்றன. அவரது நாளுக்கோ அதே 24 மணி நேரம்தான். கட்டற்ற மென்பொருளில் தீர்ந்துபோகக்கூடிய ஒரே வளம் மனித உழைப்பு. அந்த உழைப்பின் மீது யாருக்கு எவ்வளவு உரிமை என்பதே இன்றைய கேள்வி.

இலவசக் கொடையாக எடுத்துக்கொள்ளும் மூலதனம்

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்ப்ளீட்’ குறைபாடு இந்தக் கேள்வியை முதன்முதலாக உலகின் முன் வைத்தது. இணைய வங்கிச் சேவை முதல் மின்னஞ்சல் வரை குறியாக்கத்துக்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பிழை கவனிக்கப்படாமல் கிடந்தது. சர்வரின் நினைவகத்தில் இருக்கும் இரகசியங்களை எவரும் உறிஞ்சி எடுக்க அது வழிவிட்டது. அதைப் பயன்படுத்திக் கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டன. அந்த மென்பொருளில் முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர் என்பதும், அதற்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர் மட்டுமே என்பதும் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பல்லாயிரம் கோடி டாலர் புரளும் வணிகம் அதன் மீது நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகே பெருநிறுவனங்கள் சில கூடி ஒரு நிதியை ஏற்படுத்தின.

2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ குறைபாடு வெளிப்பட்டபோதும் இதே கதை திரும்பியது. அதைப் பராமரித்த தன்னார்வலர்கள் தூக்கமின்றித் திருத்தம் செய்துகொண்டிருக்க, கோடிகளில் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் அவர்களிடம் விளக்கம் கேட்டன. லாக்4ஜேயுடன் எந்தத் தொடர்புமில்லாத ‘கர்ல்’ மென்பொருளின் ஆசிரியர் டேனியல் ஸ்டென்பெர்க்குக்குக்கூட 2022 ஜனவரியில் ஒரு பெருநிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. 24 மணி நேரத்துக்குள் தங்கள் கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டும் என்று அது கோரியது. அவர் அந்த நிறுவனத்தின் ஊழியரும் அல்ல, ஒப்பந்ததாரரும் அல்ல. ஆதரவு ஒப்பந்தம் செய்துகொண்டால் மகிழ்ச்சியுடன் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார்.

2024இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இந்த உறவை எண்களில் காட்டுகிறது. பரவலாகப் பயன்படும் திறந்த மூல மென்பொருள்களை ஒருமுறை புதிதாக எழுத ஆகும் செலவு சுமார் 415 கோடி டாலர். அவை இல்லாமல் போய் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எழுதிக்கொள்ள நேர்ந்தால் ஆகும் செலவு 8.8 இலட்சம் கோடி டாலர். அந்த மதிப்பில் 96 சதவீதத்தை உருவாக்கியவர்கள் நிரலர்களில் வெறும் 5 சதவீதத்தினர். டைட்லிஃப்ட் நிறுவனம் 2024இல் நடத்திய ஆய்வில், பராமரிப்பாளர்களில் 60 சதவீதத்தினர் தங்களுக்கு எந்த ஊதியமும் கிடைப்பதில்லை என்று கூறினர்.

இதைக் கறாராகப் புரிந்துகொள்வது அவசியம். கூலி உறவு இல்லாத இடத்தில் நடப்பதை, ஆலையில் நடக்கும் உபரி மதிப்புச் சுரண்டலுடன் அப்படியே ஒப்பிட முடியாது. அறிவியலையும் இயற்கையின் ஆற்றல்களையும் முதலாளி செலவின்றி எடுத்துத் தன் உற்பத்தியில் பூட்டிக்கொள்கிறான் என்று மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். கட்டற்ற மென்பொருளையும் மூலதனம் அவ்வாறே நடத்துகிறது: ஊற்றைப் போல, காற்றைப் போல, இயற்கையின் கொடையாக. ஆனால் இந்த ஊற்றுக்குப் பின்னால் ஒரு மனிதர் அமர்ந்து இறைத்துக்கொண்டிருக்கிறார்.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சுமையை இன்னும் கூட்டியிருக்கிறது. இயந்திரத்தைக் கொண்டு நொடியில் எழுதிய போலிப் பிழை அறிக்கைகள் பராமரிப்பாளர்கள் மீது குவிகின்றன. எழுதுவதற்கு ஒரு நொடி. பொய் என்று உறுதிசெய்யப் பல மணி நேரம். இந்த வெள்ளத்தைத் தாங்க முடியாமல், பிழை கண்டுபிடிப்போருக்கு வெகுமதி அளிக்கும் திட்டத்தையே கர்ல் 2026 ஜனவரியோடு முடித்துக்கொண்டது. மறுபுறம், உண்மையான பிழைகளை இயந்திரத்தால் கண்டுபிடிக்கும் பெருநிறுவனங்களும், திருத்தும் வேலையைத் தன்னார்வலர் தலையில் சுமத்துகின்றன. வீடியோக்களைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் திட்டத்தினர் 2025இல் கூகுளைப் பார்த்து இதைத்தான் கேட்டார்கள்: ஒன்று நிதி கொடுங்கள், இல்லையேல் பிழையோடு திருத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

மறுக்கும் உரிமை

இந்நிலையில் பராமரிப்பாளர்கள் தங்கள் நேரத்தை எப்படிப் பங்கிட வேண்டும் என்ற விவாதம் அவர்களிடையே தீவிரமாக நடக்கிறது. புதிய வசதிகளைச் சேர்ப்பதா, பழையதைச் சீர்செய்வதா? எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்வதா, சிலருக்குப் பயிற்சி அளிப்பதா? இதில் நாம் ஒரு நிலைப்பாட்டை எடுக்கலாம்.

முதலாவது, மறுக்கும் உரிமை. கட்டற்ற உரிமம் பயனருக்கு நிரலின் மீது உரிமை தருகிறது. எழுதியவரின் நாளின் மீது உரிமை தரவில்லை. ஏறத்தாழ எல்லா உரிமங்களும் எந்த உத்தரவாதமும் இல்லை என்றே எழுதப்பட்டிருக்கின்றன. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் தயாரிப்புகளுக்குள் இருக்கும் ‘லிப்எக்ஸ்எம்எல்2’ நிரலகத்தின் தன்னார்வப் பராமரிப்பாளர், பாதுகாப்பு அறிக்கைகளை இனி இரகசிய அவசரத்துடன் கையாளப் போவதில்லை, பிற பிழைகளைப் போலவே நேரம் கிடைக்கும்போது பார்க்கப்படும் என்று 2025இல் அறிவித்தார். பொறுப்பற்ற செயல் என்று சிலர் சாடினர். உண்மையில் அது, பொறுப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே அதைத் திருப்பி அனுப்பிய செயல்.

இரண்டாவது, கையில் இருக்கும் குறைந்த நேரத்தில் முதல் பங்கு, வேலையைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்களை உருவாக்குவதற்குச் செல்ல வேண்டும். இது கடினமான முடிவு. ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் தாமே பத்துப் பிழைகளைத் திருத்திவிடலாம் என்றே திறமையானவருக்குத் தோன்றும். அந்த மாதத்துக்கு அது உண்மைதான். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தனியாக, களைத்து, கிடைத்த கையைப் பற்றிக்கொள்ள வேண்டியவராக நிற்பார். எக்ஸ்இசட் காட்டியது அதைத்தான். கிளைச் செயலாளர் ஒருவரே உறுப்பினர் பதிவும், பத்திரிகை விநியோகமும், நிதி வசூலும், சுவரொட்டியும் பார்த்துக்கொள்ளும் கிளைகளைக் கண்ட தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் தன்னார்வ நேரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இதைப் பேசி முடிக்க முடியாது. வேலைநாள் போக மிஞ்சிய நேரமே அது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023இல் உபதேசித்தார். 90 மணி நேரம் என்று எல் அண்ட் டி தலைவர் பேசிய செய்தி 2025 ஜனவரியில் வெளியானது. கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர்களின் வேலைநாளை 14 மணி நேரம் வரை நீட்டிக்கும் யோசனை 2024இல் முன்வைக்கப்பட்டபோது, அங்குள்ள ஐ.டி. ஊழியர் சங்கமான ‘கிட்டு’ அதை எதிர்த்துக் களமிறங்கியது. அந்தப் போராட்டம் ஊழியரின் உடல்நலத்துக்கானது மட்டுமல்ல; சமூகத்தின் பொதுச் சொத்தை உருவாக்கும் நேரத்துக்கான போராட்டமும்தான். வேலை முடிந்து வீடு திரும்பியதும் அடுப்படியில் இரண்டாவது வேலைநாளைத் தொடங்கும் பெண் ஊழியருக்கு அந்த ஓய்வு நேரம் முதலிலிருந்தே மறுக்கப்பட்டிருக்கிறது. தன்னார்வத்தை மட்டும் நம்பி நிற்கும் பொதுச் சொத்து, ஓய்வு நேரம் வாய்த்தவர்களின் சொத்தாகவே இருக்கும்.

பூட்டுவது தீர்வல்ல

மென்பொருளைப் பூட்டிவிடுவதே வழி என்கிறார்கள் சிலர். எலாஸ்டிக் 2021இலும், ஹாஷிகார்ப் 2023இலும், ரெடிஸ் 2024இலும் தங்கள் உரிமங்களை இறுக்கின. மேகக் கணினி நிறுவனங்கள் எங்கள் உழைப்பில் இலாபம் பார்க்கின்றன என்பது அவை சொன்ன காரணம். குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் அந்த மென்பொருள்களுக்கு ஊதியமின்றி நிரல் எழுதித் தந்த வெளியாட்களின் பங்களிப்பும் சேர்த்தே பூட்டப்பட்டது. இது இரு முதலாளிகளுக்கு இடையிலான பங்குச் சண்டை. அதில் பராமரிப்பாளருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நன்கொடையும் தீர்வாகிவிடாது. பெங்களூருவைச் சேர்ந்த ஸெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனம் ஆண்டுக்கு 10 இலட்சம் டாலர் வழங்கும் நிதியை 2024இல் அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு நாட்டின் உள்கட்டமைப்பு, இலாபம் குறைந்தால் நின்றுபோகக்கூடிய கொடையை நம்பி நிற்க முடியாது. சாலையையும் குடிநீர்க் குழாயையும் வள்ளல்களின் பொறுப்பில் விடுவதை நாம் ஏற்பதில்லை.

பொதுப் பணியாக ஏற்க வேண்டும்

ஒன்றிய அரசு 2015இல் திறந்த மூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. அரசுத் திட்டங்களில் இத்தகைய மென்பொருளுக்கு முன்னுரிமை என்று அது கூறுகிறது. ஆதார் கட்டமைப்பே திறந்த மூல மென்பொருள்களை நம்பி எழுப்பப்பட்டது. டிஜிட்டல் இந்தியா என்று ஆட்சியாளர்கள் உலக அரங்குகளில் மார்தட்டிக்கொள்ளும் கட்டுமானத்தின் அடியில், பெயர் தெரியாத தன்னார்வலர்களின் இரவுகள் புதைந்திருக்கின்றன. எடுத்துக்கொள்வதற்குக் கொள்கை வகுத்த அரசு, திருப்பித் தருவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

இது நடக்க முடியாத கனவல்ல. ஜெர்மனி 2022இல் அரசு நிதியில் ஓர் அமைப்பைத் தொடங்கி, அடிப்படையான கட்டற்ற மென்பொருள்களின் பராமரிப்புக்குப் பணம் அளித்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கணினிப் பாதுகாப்புச் சட்டம், பொருளை விற்று இலாபம் பார்க்கும் நிறுவனமே பாதுகாப்புக்குப் பொறுப்பு என்கிறது. வணிக நோக்கமின்றி உழைக்கும் தன்னார்வலரை அது விலக்கி வைத்திருக்கிறது. அவை முதலாளித்துவ அரசுகள்தாம். தங்கள் பாதுகாப்பு கருதியே இதைச் செய்கின்றன. ஆயினும் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அவை சான்று.

நம் நாட்டில் கேரளம் வேறொரு வகையில் வழிகாட்டியது. அங்கு அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது, உரிமக் கட்டணம் மிச்சமானது என்பது மட்டும் பலனல்ல. ‘கைட்’ நிறுவனத்தின் வழியாகப் பள்ளி ஆசிரியர்களே பயிற்சி பெற்று, பயிற்றுநர்களாகி, பள்ளிகளுக்கென ஒரு லினக்ஸ் பதிப்பையும் தயாரித்துப் பராமரித்தார்கள். அந்த வேலை அவர்களது ஓய்வு நேரத்தைத் தின்னவில்லை. பொதுப்பணியின் பகுதியாக, ஊதியத்தோடு நடந்தது. பராமரிப்பை யாரோ ஒருவரின் தியாகத்திலிருந்து பலருடைய பணியாக மாற்றுவது என்பதன் பொருள் இதுவே.

நம் கோரிக்கைகள் இதிலிருந்து எழ வேண்டும். கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தும் ஒவ்வோர் அரசுத் திட்டத்தின் ஒதுக்கீட்டிலும் அதன் மூலத் திட்டத்தைப் பராமரிக்க ஒரு நிலையான பங்கு வேண்டும். அந்தப் பணியைச் செய்ய தேசியத் தகவல் மையத்திலும், சி-டாக்கிலும், பல்கலைக்கழகங்களிலும் நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். என்ன வளர வேண்டும் என்பதைத் திட்டத்தின் சமூகமே முடிவு செய்ய வேண்டும். நிதி தரும் அரசு அதில் கட்டளையிடக் கூடாது. கட்டற்ற மென்பொருளைத் தன் விற்பனைப் பொருளுக்குள் வைக்கும் நிறுவனத்தின் மீது பாதுகாப்புப் பொறுப்பும் பராமரிப்புத் தீர்வையும் சட்டப்படி சுமத்தப்பட வேண்டும். நிறுவனம் பயன்படுத்தும் பொது மென்பொருளுக்காக ஊழியர் செலவிடும் நேரம் வேலைநேரமாகவே கணக்கிடப்பட வேண்டும், இதை ஐ.டி. சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம்.

கோரிக்கை வைக்கும் நாமும் பயனர்களே. நம் சங்க அலுவலகங்களின் கணினிகளிலும், இணையதளங்களிலும் இந்த மென்பொருள்கள் இயங்குகின்றன. அவற்றில் ஒன்றையாவது தேர்ந்தெடுத்து, ஆண்டு வரவு செலவில் ஒரு சிறு தொகையை அதற்கு ஒதுக்குவதும், கணினி தெரிந்த இளம் தோழர்களை அதன் மொழிபெயர்ப்பிலும் பிழை சரிபார்ப்பிலும் ஈடுபடுத்துவதும் நம்மால் இயலும். அதை ஈடுபாடுள்ள ஒருவரின் தனி விருப்பமாக விட்டுவிடாமல் அமைப்பின் பணியாக, குறைந்தது இருவர் பொறுப்பில் வைக்க வேண்டும். அடுத்த மாவட்டக் குழுக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கப்படட்டும்.